தாத்தாவின் கொல்லுப்பட்டறைச் சாமான்களை வைத்து வீட்டில் உலை போடுகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பரணில் இருந்து கோணிச் சாக்கை இறக்கி அவிழ்த்ததும் பலர் செய்யும் முதல் காரியம், கிரைண்டரை எடுப்பதுதான். துரு போய்ப் பளபளவென்று ஆகட்டுமே என்ற ஆசை. நானும் கிரைண்டரை மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து சுவிட்சை அணைத்தார்.

அவர் அணைத்ததற்குக் காரணம் அடைகல், அதாவது பழுத்த இரும்பை மேலே வைத்து அடிக்கும் இரும்புக் கட்டை. சில ஊர்களில் பட்டடை என்பார்கள். அதன் மேல்முகம்தான் அதன் உயிர். பழைய அடைகற்கள் சிலவற்றில் மெத்தென்ற இரும்பு உடம்பின் மேல் எஃகுத் தகடு ஒட்டியிருக்கும். முழுக்க எஃகாக இருந்தாலும் கெட்டிப்பட்டிருப்பது மேலே கொஞ்சம் ஆழம்தான். கிரைண்டர் அதைத் தேய்த்துவிடும். சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதமும் போய்விடும். கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், கடைசியில் கொஞ்சம் எண்ணெய், அவ்வளவு போதும். பள்ளம் இருந்தால் இருக்கட்டும், வளைவு நிமிர்த்த உதவும். முகம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பேரிங் குண்டு ஒன்றைப் பத்து அங்குல உயரத்தில் இருந்து விடுங்கள். ஏழு, எட்டு அங்குலம் எகிறினால் அருமையான சாமான். மூன்று அங்குலம்தான் எகிறுகிறது என்றாலும் தூக்கிப் போட வேண்டாம். சிவந்த இரும்பைத் தட்ட அதுவும் தாங்கும். வெறும் அடைகல்லின் மேல் சுத்தியலால் ஓங்கி அடித்து மட்டும் சோதிக்காதீர்கள்.

அடுத்த தவறு நிறைய பேருக்குத் தவறாகவே தெரிவதில்லை. நம் ஊர்ப் பட்டறை பெரும்பாலும் இரண்டு பேருக்கானது. கொல்லர் பலகையில் உட்கார்ந்து இடக்கையில் குறடும் வலக்கையில் கைச்சுத்தியலும் பிடிப்பார். எதிரே ஒருவர் நின்று சம்மட்டி போடுவார். பல வீடுகளில் அது மனைவியாகவே இருக்கும். கொல்லர் கைச்சுத்தியலால் எங்கே தட்டிக் காட்டுகிறாரோ அங்கே சம்மட்டி விழும். அதனால்தான் அடைகல் முழங்கால் உயரம்கூட இல்லாமல் தரையோடு தரையாகப் பதிந்திருக்கும். நீங்களோ தனி ஆள், நின்று வேலை செய்யப் போகிறவர். அதே அடைகல்லைத் தரையில் வைத்துக் குனிந்து அடித்தால் ஒரே வாரத்தில் இடுப்பு பேசும். புளியங்கட்டை ஒன்றை நிறுத்தி அதன் மேல் ஏற்றுங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால், அடைகல்லின் முகம் அந்த முஷ்டி உயரத்தில் இருக்க வேண்டும். கட்டை ஆடாதபடி இரும்புப் பட்டை போட்டு இறுக்குங்கள். சம்மட்டியை ஓரமாக வையுங்கள். தனி ஆளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று முன்பின்னான சுத்தியலே போதும்.

சுத்தியல் காம்பில் தாத்தாவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி விழுந்திருக்கும். மாற்ற மனம் வராது, சரி. ஆனால் தலை ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் இராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார்கள். மறுநாள் இறுகத்தான் செய்யும். காய்ந்ததும் முன்பைவிட மோசமாக ஆடும். ஊறி உப்பும்போது மரநார் நசுங்கிவிடுவதுதான் காரணம். புதிதாக ஆப்பு அடியுங்கள். காம்பில் விரிசல் தெரிந்தால் காம்பையே மாற்றிவிட்டு, பழையதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

வெட்டிரும்பின் (இரும்பு வெட்டும் உளி) தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அப்படியே அடிக்கவே கூடாது. அந்த விளிம்புச் சில்லு தெறித்தால் தோட்டா மாதிரி வரும். கிரைண்டரை எடுக்க வேண்டிய இடம் இதுதான். விளிம்பைச் சரித்துத் தேயுங்கள். கண்ணாடி போடாமல் பட்டறையில் எந்த வேலையும் வேண்டாம். பாலியஸ்டர் சட்டையும் வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பழைய பருத்திச் சட்டையே நல்லது.

உலைக்கு வருவோம். துருத்தியின் தோல் விறைத்துப் போயிருந்தால் விளக்கெண்ணெய் தடவிப் பார்க்கலாம், வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். கையால் சுற்றும் விசிறி போதும். காற்று அதிகமானால் சூடும் அதிகமாகும் என்று நினைத்துச் சுற்றித் தள்ளுவதுதான் இங்கே பெரிய தப்பு. எரியாத காற்று இரும்பைத் தின்னும், செதில் செதிலாக உரியும். கரியை நல்ல உயரத்துக்குக் குவித்து, இரும்பை ஊதுகுழாய் வாய்க்கு எதிரே வைக்காமல் கொஞ்சம் மேலே கிடைமட்டமாகச் செருகுங்கள். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் போடும் சீமைக்கருவேலங்கரி நன்றாகவே எரிகிறது. உலையைச் சுற்றி ஆற்றுக் கல் அடுக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் வெடிக்கும். சிமென்ட் தரையில் பழுத்த இரும்பைப் போட்டாலும் சில்லு தெறிக்கும். மண் தரைதான் சௌகரியம்.

கூரை வேண்டும், சுவர் வேண்டாம். வெயிலில் உலை போட்டால் இரும்பின் நிறம் தெரியாது, இன்னும் காயவில்லை என்று ஊதிக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்து இரும்பு கருகும். மூடிய அறையில் போட்டால் கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும், வாசனைகூட வராது. ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய பைப் துண்டை உலையில் போடவே கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும்.

முதல் நாளே அரிவாள் அடிக்க ஆசைப்படுவோம். திருப்பாச்சேத்தி என்ற பேரைக் கேட்டே வளர்ந்தவர்கள் அல்லவா! ஆனால் கட்டடக் கம்பியில் அரிவாள் அடித்து எத்தனை முறை துவைச்சல் போட்டாலும், அதாவது காய்ச்சி முக்கிக் கெட்டிப்படுத்தினாலும், முனை நிற்காது, அதில் கரிச்சத்து குறைவு. லாரி ஸ்பிரிங் பட்டை நிற்கும். அதையோ பச்சைத் தண்ணீரில் முக்கினால் கீறல் விடலாம். காந்தம் ஒட்டாமல் போகும் சூடு சுமார் 770 டிகிரி. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் முக்க வேண்டும். எண்ணெய்க்கு மூடியுள்ள இரும்புப் பாத்திரம் வையுங்கள். பிளாஸ்டிக் வாளி கூடாது. தீப்பிடித்தால் மூடியைப் போடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். முக்கியதோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். மெல்லச் சூடு காட்டி, வைக்கோல் நிறம் தாண்டிச் செம்பழுப்பு வரும்வரை பதம் இறக்க, அதாவது அந்தக் கெட்டியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இதெல்லாம் பிறகு. இப்போதைக்குப் பத்து மில்லிமீட்டர் கம்பியில் ஆடு கட்டும் கொக்கி ஒரு இருபது அடியுங்கள். சிவப்பு மங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட்டு உலைக்கே திருப்பி அனுப்பவும் அதிலேயே பழகலாம்.

பட்டறையில் கை சுடுவது பெரும்பாலும் சிவந்த இரும்பால் அல்ல, கறுத்த இரும்பால்தான். நானூறு டிகிரியில் இருக்கும் கம்பி பகலில் பார்க்கச் சாதாரணக் கம்பி மாதிரியே கிடக்கும். புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் நான் எதையும் எடுப்பேன். வேடிக்கை பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆறப்போடும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு கிழித்து, உள்ளே ‘சூடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.