பாதி வேலையில் நிற்கும் பழைய காரை விற்கும்போது

என் 1998 மாடல் மாருதி ஜென் காரைப் பார்க்க முதலில் வந்தவர் சாவியைக் கேட்கவில்லை. நேராகப் போய் பானெட்மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கே தம்பி" என்று சிரித்தார். அவர் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே இன்ஜினை ஓடவிட்டு வைத்திருந்தேன். ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரில் நீலப் புகை வரும், அது அவர் கண்ணில் பட வேண்டாமே என்றுதான். "நாளைக்கு வரேன், நான் வந்தப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லிப் போனவர் வரவே இல்லை. வால்வ் சீல் மாற்றினால் தீர்கிற பழுதுதான் அது. ஆனால் இதையே மறைத்தவன் வேறு என்னென்ன மறைத்திருப்பான் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார். அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்.

மாடிஃபை செய்து பாதியில் நிற்கிற பழைய காரை வாங்க வருகிறவர் புது கார் வாங்கும் மனநிலையில் வருவதில்லை. மிச்ச வேலை எவ்வளவு என்றுதான் பார்க்கிறார். அதனால் "சின்னச் சின்ன வேலை இருக்கு" என்று விளம்பரத்தில் எழுதுவது பெரிய தப்பு. படிக்கிறவர் அதைப் 'பெரிய வேலை' என்றே எடுத்துக்கொள்வார். இரண்டாம் முறை நான் இப்படி எழுதினேன்: காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை, டிரைவர் கால் வைக்கும் இடத்தில் தரைத் தகடு துருப்பிடித்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, இடது பின்கதவில் பட்டி (நசுங்கிய இடத்தை நிரப்பும் பூச்சு), ஏசி கம்ப்ரஸர் இல்லை, கழற்றியாகிவிட்டது. கூடவே ஓட்டையைக் கிட்டத்தில் எடுத்த படம். போன் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. ஆனால் கூப்பிட்டவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

விற்கும் முன் "ஒரு கோட் பெயின்ட் அடிச்சிட்டா பளிச்சுனு இருக்கும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். இருபது வயதுக் காரில் புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் அடியில் எவ்வளவு பட்டி இருக்கிறதோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். விவரமானவர் சட்டைப் பையில் காந்தம் வைத்திருப்பார். தகட்டில் ஒட்டும், கனமாகப் பட்டி போட்ட இடத்தில் ஒட்டாது. அந்தக் காசைப் பேட்டரிக்கும் பிரேக்குக்கும் போடலாம். பிரேக் சரியில்லை என்றால் டெஸ்ட் டிரைவ் கொடுக்கவே வேண்டாம், நின்ற இடத்திலேயே காட்டுங்கள்.

விலைக்கு வருவோம். இங்கேதான் நம்மாட்கள் அதிகம் சறுக்குவார்கள். நான் அந்தக் காருக்கு மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் செலவழித்தேன், பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது. அதை வாங்கிய விலையோடு கூட்டி ஒரு தொகை சொன்னால், எதிரில் இருப்பவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். நமக்குப் பிடித்த பக்கெட் சீட் அவர் முதுகுக்கு வலி. அலாய் வீலைத் தனியாக விற்றால் நல்ல காசு, காரோடு சேர்த்து விற்றால் இனாம் மாதிரி. அதனால் கழற்றக்கூடியதைக் கழற்றி, பழைய பாகங்களைத் திரும்பப் போட்டுத் தனித்தனியாக விற்பதுதான் லாபம். ஒரிஜினல் சைலன்சரும் ஸ்பிரிங்கும் என் வீட்டுப் பரணில் இருந்தன, பிழைத்தேன். ஒரிஜினல் சீட்டுகளை எப்போதோ காயலான் கடைக்குப் போட்டிருந்தேன். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இவ்வளவும் பணத்தோடு போகிற தவறுகள். காகிதத்தில் செய்யும் தவறு அப்படியில்லை, கார் போன பிறகும் நம்மைத் தேடிவரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, விதியை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். நண்பன் ஒருவன் தன் ஜென்னில் மாருதி எஸ்டீம் காரின் இன்ஜினைப் போட்டு வைத்திருந்தான். ஆர்.சி.யில் 993 சிசி, பானெட்டைத் திறந்தால் 1,298 சிசி. ஆர்.சி. புதுப்பிக்கப் போனால் பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும்தான் முதலில் ஒப்பிடுவார். நல்லவேளை, பழைய இன்ஜினைத் தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தான். அதைத் திரும்ப மாட்டிய பிறகே அவனால் விற்க முடிந்தது. என் காரில் கலர்தான் பிரச்சினை: ஆர்.சி.யில் வெள்ளை, ஆள் கறுப்பு. அதை ஆர்.சி.யில் ஏற்றிய பிறகே விளம்பரம் போட்டேன்.

ஆர்.சி. எப்போது முடிகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிப்பு. கட்டணம் 5,000 ரூபாய். 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டு முதல் 10,000. பசுமை வரி தனி. வாங்குகிறவர் இதையெல்லாம் விலையில் கழிப்பார், கழிக்கட்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரங்களில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குகிறவர் பெயர் எழுதாமல் புரோக்கர் கையில் கொடுப்பது. கார் மூன்று கை மாறும், ஆர்.சி.யில் நம் பெயர் அப்படியே இருக்கும். இ-சலான் நம் போனுக்கு வரும். விபத்து நடந்தால் இன்னும் கஷ்டம்: கை மாறிய கார் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையில்தான் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நாமே தெரிவிக்க வேண்டும். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கொடுத்த கார் ஆறு மணிக்கு எங்கே இடித்தாலும் அந்தக் காகிதம் கையில் இருக்கும். ஃபாஸ்டேகைக் கிழித்துவிட்டுக் கணக்கையும் மூடுங்கள். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காக இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி, காருக்கு உரியதல்ல, நமக்கு உரியது. இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் அடுத்த காருக்கு உதவும்.

கடைசியில் வாங்கியவர் திருப்பூர்க்காரர். காந்தம், டார்ச், விரித்துப் படுக்க ஒரு சாக்கு, மூன்றும் கொண்டுவந்தார். முக்கால் மணி நேரம் காருக்கு அடியிலேயே இருந்தார். நான் எழுதியிருந்த பட்டியலில் இல்லாத ஒன்றையும் கண்டுபிடித்தார், ஸ்டியரிங் ராக்கில் லேசான ஆட்டம். அதற்கு இரண்டாயிரம் குறைத்தேன். 58,000-க்குப் பேசி முடித்தோம். பெயர் மாறும்வரை 5,000 டெபாசிட்டாக என்னிடம் இருக்கட்டும், மாறியதும் திருப்பித் தருகிறேன் என்றேன். தயங்காமல் கொடுத்தார். கழற்றிய பாகங்களையும் போல்ட் நட்டுகள் போட்டிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் ஒரு குட்டியானையில் ஏற்றிக்கொண்டார்.

பெயர் மாறிய மெசேஜ் வந்த அன்றே பணத்தை அனுப்பினேன். மறுநாள் காலையில் அவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஆறின இன்ஜின், ஒரே ஸ்டார்ட், நீலப் புகை. "சொன்ன மாதிரியே இருக்குங்க" என்று பின்னால் அவர் குரல்.