பழைய ஸ்பூலை ஓட்டிப் பார்க்கும் முன்: மலையகத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்பூல் டேப் (கசெட்டைப் போல உறைக்குள் அடங்காமல், திறந்த சுருளில் சுற்றிய ஒலிப்பதிவு நாடா) ஒன்று கைக்குக் கிடைத்தவுடன் அதை இயந்திரத்தில் மாட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. பல வேளைகளில் அந்த நாடாவின் கடைசி ஓட்டமும் அதுவாகவே ஆகிவிடுகிறது. முப்பது நாற்பது ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த நாடா எந்த நிலையில் இருக்கிறது, அதை ஓட்டப்போகும் இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டையும் அறியாமல் பொத்தானை அழுத்தக் கூடாது. மலையகத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கவனம் மேலும் கூடுதலாகத் தேவை, ஏனெனில் நம்முடைய பனியும் மழையும் மின்சாரமும் சேர்ந்து நாடாவைச் சோதிக்கின்றன.

ஸ்பூல் டேப்பில் இசை கேட்கும் ஆர்வம் உலகின் பல பகுதிகளில் மீண்டும் துளிர்த்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருந்த குவான்டெஜி நாடா ஆலை மூடப்பட்டபோது ஒலிப்பதிவுக் கூடங்களே திகைத்துப்போயின. இன்றோ பிரான்சின் அவ்ராஞ்ச் நகரில் ஆர்.டி.எம். நிறுவனமும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏ.டி.ஆர். மேக்னெட்டிக்ஸ் நிறுவனமும் புதிய நாடா தயாரிக்கின்றன. இந்த ஆர்வத்துக்குக் காரணம் வெறும் ஏக்கமென்று நான் நினைக்கவில்லை. கசெட்டில் 3.81 மில்லிமீற்றர் அகலமுள்ள நாடா ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் நகர்கிறது, ஸ்பூலில் 6.35 மில்லிமீற்றர் அகல நாடா 19 சென்ரிமீற்றரோ 38 சென்ரிமீற்றரோ நகர்கிறது. ஒவ்வொரு நொடி இசைக்கும் கிடைக்கும் காந்தப் பரப்பு பல மடங்கு பெரிது. அந்த வேறுபாடு காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் கைக்கு வந்த ஸ்பூல்களில் ஒன்றில், மாசி மாதத்துக் காமன் கூத்தின் தப்பொலியும் ரதியின் ஒப்பாரியும் இருந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன குடும்பமொன்றின் பெரியவர், புறப்படுவதற்கு முன் பேசிய சில நிமிடங்களும் அதே நாடாவில் இருந்தன. கடையில் வாங்கும் இசை நாடா கெட்டால் இன்னொன்று தேடலாம். இப்படிப்பட்ட நாடாவுக்கு மறுபிரதி எங்கும் இல்லை.

ஈரத்தைப் பற்றித்தான் முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் உலர்த்தி முடித்த தேயிலைத் தூளைத் திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மணமிழந்துவிடும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். நாடாவும் அப்படித்தான். காந்தத் துகள்களைப் பிளாஸ்டிக் பட்டையின் மேல் பிடித்து வைத்திருக்கும் பசை, 1970களின் நடுப்பகுதி முதல் 1990களின் தொடக்கம் வரை வந்த பல நாடாக்களில் பொலியூரிதேன் வகையைச் சேர்ந்தது. அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, வேதியியல் முறையில் சிதைந்து, பிசுபிசுப்பாகிவிடுகிறது. அம்பெக்ஸ் நிறுவனத்தின் 406, 456 ஆகிய நாடா வகைகள் இதற்குப் பேர்போனவை.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஹட்டனில் ஜூன் மாதத்து அடைமழைக் காலத்தில், கொழும்பிலிருந்து தருவித்த 456 நாடா ஒன்றை ஆவல் தாங்காமல் அன்றிரவே ஓட்டினேன். பத்து நிமிடங்கள் நன்றாகப் பாடியது. பிறகு ஒரு கீச்சொலி எழுந்தது. சுருள் அவிழும் இடத்தில், காயத்தில் ஒட்டிய பிளாஸ்டரை உரிப்பது போன்ற சத்தம் கேட்டது. நாடா திணறி நின்றது. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, நாடாவைப் படிக்கும் ஹெட்டின் முகத்திலும் வழிகாட்டித் தண்டுகளிலும் கரும்பழுப்புப் பசை படிந்திருந்தது. பஞ்சுக் குச்சியால் தொட்டால் கித்துள் பாணியைப் போல நூலாக இழுபட்டது. துடைத்தெடுத்த அந்த அழுக்கு, நாடாவிலிருந்து உரிந்து வந்த காந்தப் பூச்சேதான். அதிலிருந்த இசையை இனி எவராலும் மீட்க முடியாது.

ஆகவே நாடாவை மாட்டுவதற்கு முன் அதன் முதுகுப் பக்கத்தை, அதாவது காந்தப் பூச்சு இல்லாத மறுபக்கத்தைப் பாருங்கள். பளபளப்பின்றிக் கறுப்பாக இருந்தால் முதுகுப் பூச்சு உள்ள நாடா. மேலே சொன்ன காலத்தைச் சேர்ந்ததாகவும் இருந்தால் சந்தேகத்துக்குரியது. கையால் ஓரிரு சுற்று அவிழ்க்கும்போது ஒட்டி ஒட்டிப் பிரிந்தால் அத்துடன் நிறுத்திவிட வேண்டும். பழையதுதான் முதலில் கெடும் என்று நினைப்பதும் பிழை: 1960களின் முதுகுப் பூச்சற்ற நாடாக்கள் பல இன்றும் குறையின்றி ஓட, அவற்றுக்கு இருபது ஆண்டு இளையவை பசையாகிக் கிடக்கின்றன.

பிசுபிசுத்த நாடாவை மிதமான சூட்டில் உலர்த்தினால் சில வாரங்களுக்கு ஓட்டக்கூடிய நிலைக்குக் கொண்டுவரலாம். சுமார் 54 பாகை செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சீராக வைத்து, பின்னர் அதே அளவு நேரமாவது ஆறவிட வேண்டும். இங்கேதான் இரண்டாவது பெரிய தவறு நடக்கிறது. சமையலறை ஓவனின் சூடு நிலையாக நிற்காமல் ஏறி இறங்கும். தேயிலைத் தொழிற்சாலையின் டிரையரோ நாடா தாங்கும் அளவைவிட மிக அதிகச் சூடு கொண்டது. வெப்பத்தைத் துல்லியமாகப் பிடித்து வைக்கும், பழங்களை உலர்த்தப் பயன்படும் சிறு கருவியே இதற்குப் பொருத்தமானது. அதிலும் தனி வெப்பமானி ஒன்றை வைத்துச் சரிபார்த்த பின்னரே நாடாவை உள்ளே வைக்க வேண்டும். உலர்த்திய நாடாவை அலமாரியில் வைத்துவிட்டு மறு மாதம் கேட்கலாம் என்று விடுவது நம் ஊரில் பலிக்காது, பனிக்காற்று அதை மறுபடியும் நனைத்துவிடும். ஓட்டும் முதல் தடவையிலேயே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லா நாடாக்களையும் இப்படிச் சூடாக்கலாம் என்று எண்ணுவது இன்னும் ஆபத்தானது. 1950களிலும் 60களின் முற்பகுதியிலும் வந்த பல நாடாக்கள் அசிற்றேற்று என்னும் பிளாஸ்டிக்காலான அடிப்பட்டை கொண்டவை. அவற்றைச் சூடாக்கினால் திரும்பப் பெற முடியாதபடி பாழாகும். கண்டுபிடிப்பது எளிது. சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அசிற்றேற்று நாடாவின் அடுக்குகளூடாக ஒளி கசியும். பொலியெஸ்டர் நாடா ஒளியை மறைத்துக் கருமையாகத் தெரியும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி வாடை வந்தால் அசிற்றேற்று சிதையத் தொடங்கிவிட்டது. அதை மற்ற ஸ்பூல்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். இவ்வகை நாடா இழுபடாமல் சட்டென்று அறும். அறுந்த முனைகள் சுத்தமாக இருப்பதால் ஒட்டுவது சுலபம். ஆனால் சாதாரண செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும். நாடா ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் ஒட்டுப்பட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வீட்டில் எங்கே வைப்பது என்பதிலும் பழக்கம் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது. ஈரம் தட்டக்கூடாத பொருளை அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைப்பது லயங்களில் வளர்ந்த நமக்கு இயல்பு. ஆயினும் நாடாவுக்குப் புகையும் கரியும், பகலில் சூடும் இரவில் குளிருமாக மாறி மாறி வரும் வெப்பநிலையும் ஈரத்துக்கு நிகரான கேடு. ஆவணக் காப்பகங்கள் ஏறக்குறைய 20 பாகைக்குள் வெப்பத்தையும், 40 சதவீதத்தை அண்டிய ஈரப்பதனையும் நாடுகின்றன. முதலாவதை நுவரெலியா இலவசமாகவே தருகிறது. இரண்டாவதை நாம்தான் உருவாக்க வேண்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளையும் விலை குறைந்த ஈரப்பதன்மானி ஒன்றையும் வைத்து, சிலிக்காவை அவ்வப்போது உலர்த்திப் போட்டால் போதும். சிலிக்காவுக்குப் பதிலாக அரிசி போடுவது வேண்டாம். அதன் மாவுத்தூள் நாடாவுக்குள் போகும், பூச்சியும் வரும். ஸ்பூல்கள் புத்தகம் போல நிமிர்ந்து நிற்கட்டும்; ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே மட்டும் வேண்டாம், அதற்குள் காந்தம் இருக்கிறது.

இனி இயந்திரம். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய இயந்திரத்தின் பின்புறத்தில் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவுக்கென்று செய்த இயந்திரத்தை வாங்கி, ஒரு டிரான்ஸ்ஃபோர்மரைப் போட்டு வோல்ட்டைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரி என்று கருதுகிறவர்கள் பலர். டிரான்ஸ்ஃபோர்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணையே நம்பிச் சுழலும் மோட்டார் உள்ள இயந்திரம், 60க்குப் பதில் 50 கிடைக்கும்போது ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐந்து கட்டையில் பாடியவரின் குரல் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். நாதஸ்வரம் சோம்பி இழுபடும். சில இயந்திரங்களில் இதற்கென மாற்றுச் சுவிட்சோ கப்பியோ இருக்கும். அது இருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்க வேண்டும். ரெவொக்ஸ் ஏ77, பி77 போன்றவற்றில் வேகத்தை மின்னணுச் சுற்று தனியே கட்டுப்படுத்துவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

பல்லாண்டு ஓடாத இயந்திரத்தை நேரடியாகப் பிளக்கில் சொருகக் கூடாது. உள்ளேயிருக்கும் பழைய கண்டென்சர்கள், குறிப்பாக மஞ்சள் நிற ஒளிபுகும் உறையில் மயிரிழை வெடிப்புகள் ஓடிய காகித வகைகள், ஈரம் ஏறிப் புகைந்து வெடிக்கும். அனுபவமுள்ள ரேடியோ பாஸ்மார் செய்வது போல, 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்து முதல் தடவை மின்சாரம் கொடுக்கச் சொல்லுங்கள். பல்பு பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே கோளாறு இருக்கிறது. ஏப்ரல், ஒக்டோபர் மாத மாலைகளில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் திரும்பும் கணத்திலும் இயந்திரம் இணைப்பில் இருக்க வேண்டாம்.

ஹெட்டுகளையும் உலோகத் தண்டுகளையும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒவ்வோர் ஓட்டத்துக்கு முன்னும் துடைப்பது நல்லது. அதே திரவத்தை இறப்பர் உருளையில் தேய்த்தால் அது காலப்போக்கில் வறண்டு கடினமாகும். இன்னொன்று: குளிர்ந்த அறையில் கிடந்த இயந்திரத்தை அடுப்போ ஹீட்டரோ உள்ள அறைக்குக் கொண்டுவந்தவுடன் ஓட்டாதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் வியர்ப்பது போல அதன் உலோகத் தண்டிலும் நீர் படரும். நாடா அதில் சுற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

கசெட் பழக்கத்தில் வந்தவர்கள் மறந்துவிடும் ஒன்று, அழிவிலிருந்து காக்கும் தடுப்பு ஸ்பூலில் இல்லை என்பது. கசெட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் மேற்பதிவு நடக்காது. ஸ்பூலுக்கு அப்படி எதுவும் கிடையாது. மைக் இணைக்கவில்லையே என்ற துணிவும் உதவாது, பதிவுப் பொத்தான் அழுந்தினால் அழிக்கும் ஹெட் தன் வேலையைச் செய்தே தீரும். குடும்ப நாடாக்களுக்கென்று ஓர் இயந்திரத்தை ஒதுக்க முடிந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அதன் பதிவு வசதியை நிரந்தரமாகத் துண்டித்துவிடுங்கள்.

நாடாவில் பேச்சு தலைகீழாகக் கேட்டால் பழுதென்று தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் பதிந்த பழைய மோனோ நாடாக்கள் பலவற்றில் ஒரு பாதி ஒரு திசையிலும் மறு பாதி எதிர்த் திசையிலும் பதிவாகியிருக்கும். நான்கு தடச் ஸ்டீரியோ இயந்திரத்தில் போட்டால் இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் ஒலிக்கும். வலது பக்கத்தை அடைத்துவிட்டுக் கேளுங்கள். முடிந்ததும் ஸ்பூலைப் புரட்டிப் போட்டால் மறு பாதியும் கிடைக்கும். காமன் கூத்து நாடாவை நான் ஏறக்குறைய ஒதுக்கிவிட இருந்தேன். ஒப்பாரிக்கு நடுவே புரியாத மொழியில் யாரோ முணுமுணுப்பது போலக் கேட்டதே காரணம். அந்த முணுமுணுப்புதான் கப்பலேறிய பெரியவரின் குரல்.

கேட்டு முடித்த நாடாவை உடனே வேகமாகத் திருப்பிச் சுற்றி வைப்பதும் தவறான பழக்கமே. வேகச் சுற்றில் அடுக்குகள் மேடும் பள்ளமுமாக அமர்ந்து, விளிம்புகள் மடிந்துபோகும். ஓட்டத்தின் முடிவில் வலப்பக்கச் ஸ்பூலில் எப்படிச் சீராகச் சுற்றியிருக்கிறதோ அப்படியே, முடிவு முனை வெளியே இருக்கும்படி எடுத்துப் பெட்டியில் வையுங்கள். பெட்டியின் மேல் நாடாவின் வகை, வேகம், தட எண்ணிக்கை, ஓட்டிய திகதி ஆகியவற்றுடன் ‘முனை வெளியே’ என்றும் பென்சிலால் எழுதிவிடுங்கள். அடுத்த முறை கேட்கும்போதுதான் அதை மெதுவாகத் திருப்பிச் சுற்ற வேண்டும்.