வேடந்தாங்கலுக்குப் போகிறீர்களா? கரிக்கிலியையும் பாருங்கள்
வேடந்தாங்கல் போக டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள். ஏரி மழையை நம்பியது. தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நண்பகலில் போய் என்ன பயன்? மாலை நான்கு மணிக்குமேல் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டமாகத் திரும்பும், அதுதான் காட்சி. பளிச்சென்ற சட்டை வேண்டாம். பைனாகுலர் அவசியம். வலசை வாத்துகளைத் தேடுபவர்கள் பக்கத்திலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாம். ஊசிவால் வாத்துக்கு வேடந்தாங்கலைவிட அதுவே மேல் என்பேன்.

பார்ப்பதோடு உதவவும் விருப்பமா? பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டவற்றை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு (eBird) செயலியில் பதிந்தால் போதும். வனத்துறையின் ஈரநிலப் பறவைகள் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அடையாளம் தெரியாத பறவைக்கு ஊகித்துப் பெயர் எழுதாதீர்கள்.