விரிசல் விட்ட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சரிசெய்தது: என் அனுபவம்

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். வால்வை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெப்பத்தைத் தடுக்கும் தகடான ஹீட் ஷீல்டைக் கழற்றிப் பார்த்தால், எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான மேனிஃபோல்டின் இரண்டாவது குழாய் வளைவில் மயிரிழை போல ஒரு விரிசல், அதைச் சுற்றிக் கரி. இரும்பு சூடாகி விரியும்போது விரிசல் மூடிக்கொண்டிருக்கிறது.

புதிது வாங்கக் கையில் பணமில்லை. விரிசலை அடைக்கும் பேஸ்ட் பூசிப் பார்த்தேன், சில நாளில் உதிர்ந்துவிட்டது. அப்படியே ஓட்டவும் பயம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வண்டிக்குள் வந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, கழற்றிவிடலாம் என்று துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். ஒன்றும் உடையவில்லை, அதுவே பெரிய நிம்மதி.

விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டேன், இல்லாவிட்டால் அது மேலும் ஓடும். கிரைண்டரால் 'வி' வடிவில் பள்ளம் எடுத்து வெல்டரிடம் கொடுத்தேன். மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு என்பதால், பற்றவைக்க நிக்கல் ராடு (வெல்டிங் குச்சி) கேட்டு வாங்குங்கள். அவர் முதலில் சூடேற்றி, ஒவ்வொரு அங்குலமாகப் பற்றவைத்து, உடனுக்குடன் சுத்தியலால் மெல்லத் தட்டினார். அப்புறம் காய்ந்த மணலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டோம். வேகமாகக் குளிர்ந்தால் பக்கத்திலேயே புது விரிசல் விழும்.

எஞ்சினோடு பொருந்தும் தட்டையான விளிம்பான ஃபிளாஞ்ச் லேசாக வளைந்திருந்தது. அரத்தால் தேய்த்துச் சமமாக்கி, இடையில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக போல்ட்டுகளை இறுக்கினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தபோது அந்த 'டிக் டிக்' இல்லை.