மவுஸ் பேட் வாங்கும் முன் மேசையை அளந்துகொள்ளுங்கள்

சேலம் ஐந்து ரோடு பக்கத்துக் கணினிக் கடையொன்றில் சிறிது நேரம் நின்று பார்த்தால் இந்தக் காட்சி தவறாமல் கிடைக்கும். கேமிங் மவுஸின் எடை என்ன, சென்சார் எது, பொத்தான் எத்தனை என்று அரை மணி நேரம் விசாரித்த இளைஞர், பில் போடும் நேரத்தில் "அப்படியே ஒரு பேடும் போட்டுடுங்கண்ணா" என்பார். கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்து வைப்பார். நானும் அப்படி வாங்கியவன்தான். மவுஸின் அடியில் இருக்கும் சென்சார், தான் நகரும் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்தே நகர்வைக் கணக்கிடுகிறது. அது பார்ப்பதும் உங்கள் கை உணர்வதும் அந்தப் பேடைத்தான் என்பதால், அதைக் கடைசியில் கேட்டு வாங்கும் பொருளாக வைத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது அளவு. அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒரு அடி ஸ்கேல் போதும். நீங்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டைத் திறந்து, மவுஸை மேசையில் வைத்து, அதில் உங்கள் கதாபாத்திரம் முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வர மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டில் 800 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் பதிவாகும் புள்ளிகள்), 0.4 சென்சிட்டிவிட்டி (விளையாட்டுக்குள் வைக்கும் நகர்வு வேகம்) என வைத்திருப்பவருக்கு ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 41 செ.மீ. ஆகும். அதே வகை விளையாட்டான கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்றால் 52 செ.மீ. ஆகும். பின்னால் வரும் எதிரியை நோக்கித் திரும்ப அரைச் சுற்று வேண்டும். அது இடப்பக்கமாகவும் இருக்கலாம், வலப்பக்கமாகவும் இருக்கலாம். ஆகவே பேடின் நடுவிலிருந்து இருபுறமும் அந்த அரைச் சுற்றுக்கான இடமும், அதற்கு மேல் மவுஸின் அகலமும் இருந்தால், நடுவில் மவுஸைத் தூக்கி வைக்காமலேயே திரும்பிவிடலாம். 41 செ.மீ. கணக்குக்காரருக்கு 45 செ.மீ. அகலமுள்ள பேடு கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். மணிக்கட்டை ஊன்றி, சென்சிட்டிவிட்டியைக் கூட்டி வைத்து ஆடுபவருக்கு லாஜிடெக் ஜி240 போன்ற 34 செ.மீ. பேடே தாராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் இருக்கும் பழைய கணினி மேசைகள் பலவற்றில், கீபோர்டு வைப்பதற்கென்று கீழே இழுக்கும் பலகை ஒன்று இருக்கும்; முழு அளவுக் கீபோர்டு 44 செ.மீ. அளவுக்கு அதில் இடத்தை அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடத்தை அளக்காமல் 90 செ.மீ. நீளப் பேடை வாங்கி வந்தால், அது பலகையின் ஓரத்தில் மடிந்து தொங்கும். அந்த நீளப் பேடு கீபோர்டையும் சேர்த்து வைக்கும் அகலமான மேசைக்கானது. இடம் போதாதவர் எண் பகுதி இல்லாத சிறிய கீபோர்டுக்கு மாறினால், எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு மவுஸுக்கு இடம் கிடைக்கும்.

அடுத்து பரப்பு, உண்மையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நின்றிருக்கும் மவுஸை நகர்த்தத் தொடங்கும்போது தடுப்பது நிலை உராய்வு. நகரும்போது இழுத்துப் பிடிப்பது இயக்க உராய்வு. முதலாவது அதிகமாக இருந்தால், குறியைச் சிறிதளவு திருத்த முயலும்போது மவுஸ் முதலில் ஒட்டிக்கொண்டு, பிறகு திடீரென்று தாவும். இரண்டாவது குறைவாக இருந்தால் மவுஸ் வழுக்கிச் செல்லும், ஆனால் நிறுத்துவது முழுக்க உங்கள் விரலின் பொறுப்பாகிவிடும். கரடுமுரடான நெசவுள்ள துணிப் பேடுகள் நிறுத்துவதற்கு உதவுகின்றன. ஒரே இடத்தைக் குறிவைத்துச் சுடும் விளையாட்டுகளுக்கு அவை ஏற்றவை. ஓடும் எதிரியைத் தொடர்ந்து குறியில் வைத்திருக்க வேண்டிய விளையாட்டுகளுக்கு வழுவழுப்பான துணியோ கண்ணாடியோ பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர் இரண்டுக்கும் நடுவிலுள்ள துணியை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவருக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. நெய்த துணியில் பாவு ஒரு திசையிலும் ஊடை மறு திசையிலும் ஓடுவதால், இரண்டு திசையிலும் ஒரே வழுக்கல் இருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் பேடைத் திறந்து காட்டச் சொல்லி, மவுஸின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்து, முதலில் இடமும் வலமுமாக, பிறகு மேலும் கீழுமாக மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். வேறுபாடு விரலுக்கு எட்டும் அளவுக்கு இருந்தால், சாய்வாகக் குறி நகர்த்தும்போது அது தொல்லை தரும்; அந்தப் பேடை விட்டுவிடலாம்.

நீங்கள் இருக்கும் ஊரின் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேலத்தில் வாங்கி, கோடை முழுவதும் வழுவழுவென்று ஆடிய துணிப் பேடை, ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்த உறவினர் வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். சன்னலுக்கு வெளியே மூடுபனி நின்ற மூன்றாம் நாளே மவுஸ் மணலில் இழுபடுவது போல ஆனது. மவுஸில்தான் கோளாறு என்று நினைத்து அது வழுக்கிச் செல்ல அடியில் ஒட்டியிருக்கும் பாதங்களைப் பிரிக்கவும் தொடங்கிவிட்டேன். ஈரத்தைத் துணி உறிஞ்சிக்கொண்டதுதான் காரணம். மலைமேல் வசிப்பவர் பிளாஸ்டிக் கலந்த கெட்டிப் பரப்பையோ கண்ணாடியையோ தேர்ந்தெடுத்தால் மழைக்காலத்திலும் பெரிய மாற்றம் தெரியாது. சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ஈரத்தின் வேலையை வியர்வை செய்துவிடும். மணிக்கட்டு படும் இடம் மட்டும் நாளடைவில் கனத்துப்போகும். மெல்லிய கையுறை அணிந்து ஆடுவது பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தெரிந்தாலும் பயனுள்ளதுதான்.

கண்ணாடி என்றதும் மேசைமேல் கிடக்கும் சாதாரணக் கண்ணாடியை நினைத்துவிடக் கூடாது. தெளிந்த கண்ணாடியில் பல சென்சார்கள் தடுமாறும். மவுஸுக்கென்று விற்பது, சென்சார் படிப்பதற்காக நுண்ணிய சொரசொரப்பு ஏற்றிய கண்ணாடி. அதன் குறை, மவுஸின் டெஃப்ளான் பாதங்களை அது துணியைவிட வேகமாகத் தேய்த்துவிடும் என்பது. சாலையோர வீட்டில் சன்னலைத் திறந்து வைத்து ஆடினால், பரப்பில் படியும் தூசி அந்தத் தேய்மானத்தை இன்னும் கூட்டும். ஆடத் தொடங்கும் முன் ஒருமுறை துடைக்கும் பழக்கம் இல்லாதவருக்குக் கண்ணாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தடிமன் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. மேசை சமமாக இருந்தால் 3 மி.மீ. போதும், மேடு பள்ளமான மரப்பலகையாக இருந்தால் 4 அல்லது 5 மி.மீ. எடுக்கலாம். அழுத்திப் பிடித்து ஆடும் கைக்காரருக்கு மென்மையான அடிப்பகுதி உள்ளே அமுங்கி, நிறுத்துவதை எளிதாக்கும். ஜப்பானின் ஆர்ட்டிசன் நிறுவனம் ஒரே துணியை மூன்று மென்மைகளில் விற்பது இதற்காகத்தான். ஓரத் தையல் துணி பிரியாமல் காக்கும். ஆனால் அது பரப்பைவிட உயர்ந்து நின்றால் மணிக்கட்டை உறுத்தும் என்பதால் தடவிப் பார்த்து வாங்குங்கள். வண்ண விளக்குப் பேடுக்குச் செலவிடும் பணத்தை நல்ல துணிக்குச் செலவிடலாம்.

வாங்கி வந்தபின், சுருட்டி வந்த பேடைக் கவிழ்த்துப்போட்டு ஓரிரவு வைத்தால் சுருள் நிமிரும். மவுஸின் மென்பொருளில், மவுஸைத் தூக்கும்போது எந்த உயரத்தில் சென்சார் படிப்பதை நிறுத்த வேண்டும் என்ற அமைப்பு இருந்தால், புதிய பரப்புக்கேற்ப அதை மீண்டும் ஒருமுறை சரிசெய்யுங்கள். துணிப் பேடு அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பிட்டுக் கையால் தேய்த்து, துண்டில் ஒற்றி, நிழலில் காயவிட வேண்டும். சேலத்து மொட்டைமாடி வெயிலில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்பது உண்மையே, ஆனால் அடியிலுள்ள ரப்பரும் அத்துடன் வெடிக்கத் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தால், பேடை அரைவட்டம் திருப்பிப் போட்டால் தேயாத பகுதி கைக்குக் கீழே வந்து இன்னும் சில மாதங்களுக்கு உழைக்கும்.