டியூனர் கார்டில் படம் கெட்டால் எங்கிருந்து தேடுவது?

கணினியில் டிவி பார்க்க வைக்கும் டியூனர் கார்டு ஒன்று என்னிடம் உண்டு. ஒரு நாள் அதில் வந்த படம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகப் போனது. டிரைவரை, அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, மூன்று முறை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். விண்டோஸையே புதிதாக நிறுவினேன். இரண்டு நாள் போன பிறகுதான் தெரிந்தது, கோளாறு கேபிள் முனையில் இருந்த மயிரிழை போன்ற ஒரு கம்பியில். நீங்களும் அப்படி அலையாமல் இருக்க, நான் இப்போது பார்க்கும் வரிசையை எழுதுகிறேன். கார்டு பொருத்தியாகிவிட்டது, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கோளாறைக் காட்டும் மஞ்சள் அடையாளம் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. காம்போசிட் சோதனை

காம்போசிட் என்பது ஆன்டெனா இல்லாமல் படத்தை நேராக உள்ளே விடும் வழி. கார்டின் மஞ்சள் ஆர்சிஏ துளையில் ஒரு டிவிடி பிளேயரையோ செட் டாப் பாக்ஸையோ இணையுங்கள். மென்பொருளில் உள்ளீட்டை டியூனரிலிருந்து காம்போசிட்டுக்கு மாற்றுங்கள். படம் சுத்தமாக வந்தால் டிரைவரையும் திரையையும் மறந்துவிடலாம். சிக்கல் ஆன்டெனா கேபிளிலோ டியூனர் பகுதியிலோதான். இங்கும் படம் கெட்டிருந்தால் நேராக மூன்றாவது படிக்குப் போங்கள்.

கார்டோடு வந்த மென்பொருளை வைத்து இதைச் செய்யாதீர்கள். நான் பார்த்தவற்றில் பாதி மென்பொருள்களே ஒரு கோளாறு. விஎல்சி என்ற இலவச பிளேயரில் மீடியா மெனுவுக்குள் கேப்ச்சர் டிவைஸைத் திறந்தால் போதும். ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் கார்டைப் பிடித்துக்கொள்ள முடியும், மற்றதை மூடிவிடுங்கள்.

2. கேபிள்

என்னைக் கவிழ்த்தது இதுதான். ஆன்டெனாவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளில் நடுவே ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை உறை, அதற்கு மேல் பின்னல் வலை. அந்த வலையின் ஒரே ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டால் போதும், சிக்னல் ஷார்ட் ஆகிவிடும். என் கேபிளில் அந்த இழை தொட்டும் தொடாமலும் இருந்தது. கேபினெட்டை நகர்த்தினால் படம் நன்றாக வரும், சிறிது நேரத்தில் மறுபடி புள்ளி. டிரைவரை மாற்றும்போதெல்லாம் கேபினெட்டையும் அசைத்திருக்கிறேன் போல, அதனால் டிரைவர்தான் சரிசெய்தது என்று நம்பிவிட்டேன்!

முனையைக் கழற்றி, வலையின் இழைகள் எல்லாவற்றையும் பின்பக்கமாக மடித்துவிடுங்கள். வெள்ளை உறையின் மேல் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டரைப் போட்ட பின் நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். திருகிப் போடும் கனெக்டர் நாளடைவில் தளர்ந்துவிடுகிறது. கருவியால் அழுத்திப் பொருத்தும் கம்ப்ரஷன் வகையைத்தான் நான் வாங்குவேன்.

ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு நேரடியாக இணைத்துப் பாருங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டரே சிக்னலில் பாதிக்கு மேல் தின்றுவிடும். சிக்னலைப் பெரிதாக்கும் பூஸ்டர் போடுவதானால் ஆன்டெனா பக்கம் போடுங்கள். கணினி பக்கம் போட்டால் வழியில் சேர்ந்த இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும்.

3. கருப்பு வெள்ளை, உருளும் படம்

இது பெரும்பாலும் பிஏஎல், என்டிஎஸ்சி என்ற இரண்டு அனலாக் டிவி முறைகளுக்கு இடையிலான குழப்பம். முன்னதில் 625 வரிகள், நொடிக்கு 25 பிரேம். பின்னதில் 525 வரிகள், ஏறக்குறைய 30 பிரேம். நிறத்தைச் சுமக்கும் அலைவரிசையும் வேறு: 4.43, 3.58 மெகாஹெர்ட்ஸ். நிறம் மட்டும் போனால் நிற முறை தவறு. படம் உருண்டால் வரி எண்ணிக்கை தவறு. சில மென்பொருள்கள் சேனல் தேடும்போது நீங்கள் கொடுத்த நாட்டை வைத்து இதை மாற்றிவிடும். தேடி முடித்த பின் ஒருமுறை சரிபாருங்கள்.

4. மற்றவை

அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் அது கோளாறே அல்ல, ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி அனுப்பும் இன்டர்லேஸ் முறை. மென்பொருளில் டீஇன்டர்லேஸைப் போடுங்கள், சரியாகிவிடும். ஒலி வந்து படம் கருப்பாக இருந்தால் மென்பொருளின் அமைப்பில் படத்தைத் திரையில் வரையும் வீடியோ ரெண்டரரை மாற்றுங்கள். மெல்லிய சாய்கோடுகள் ஓடினால் கார்டை கிராபிக்ஸ் கார்டிலிருந்து தள்ளி இருக்கும் பிசிஐ ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். படம் திக்கித் திக்கி வந்தாலும் இதே வைத்தியம்தான்.

பின்சேர்க்கை: முதல் படியில் திரைப்பட டிவிடியைப் போட்டுப் பார்த்த ஒருவருக்கு வெளிச்சம் கூடிக்கூடிக் குறைந்ததாம். அது மேக்ரோவிஷன் என்ற நகல் தடுப்பு. கார்டின் மேல் தப்பில்லை. வட்டு போடாமல் பிளேயரின் மெனு திரையை வைத்தே சோதியுங்கள்.

இன்னொன்று: எல்லாச் சேனலிலும் புள்ளி மட்டுமே, ஆனால் காம்போசிட் நன்றாக வருகிறதா? உங்கள் பகுதியில் அனலாக் ஒளிபரப்பு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 2012-லேயே நிறுத்திவிட்டார்கள். அனலாக் டியூனர் மட்டும் உள்ள கார்டானால், செட் டாப் பாக்ஸை அந்த மஞ்சள் துளையிலேயே விட்டுவிடுங்கள்.