அப்பா பேர் ‘மணி’ என்றால் பொண்ணுக்கு என்ன பேர் வைப்பது?

என் வீட்டுக்காரர் பெயர் மணி. சுப்பிரமணி, பாலமணி எல்லாம் இல்லை, வெறும் மணி. ஆதார், பான், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அந்த இரண்டே எழுத்துதான். பொண்ணு பிறந்ததும் பேர் தேடுவதில் குடும்பமே மும்முரமாக இருந்தது. ஆனால் தேடிய பேருக்குப் பக்கத்தில் இந்த மணியைப் போட்டுச் சொல்லிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஒன்றரை மாதம் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் மாற்றினோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

ரவி, பாபு, துரை, வேலு, ராஜ், அன்பு என்று அப்பா பேர் குட்டியாக இருப்பவர்களுக்கான பதிவு இது. மீனாட்சிசுந்தரத்தின் மகளுக்குப் பேர் வைப்பவர்கள் கவலை வேறு: படிவத்தில் கட்டம் பத்தாது.

படி 1: பத்துப் பேரை நோட்டில் எழுதுங்கள்

பேர் எங்கே கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, அத்தை சித்தி எல்லாரும் வாட்ஸ்அப்பில் கொட்டுவார்கள். ஆனால் பேர் தேடும் ஆப்களை நம்பாதீர்கள். அவற்றில் பாதிப் பேருக்கு ‘இளவரசி’ என்றும் மீதிக்கு ‘லட்சுமியின் மறுபெயர்’ என்றும்தான் பொருள் போட்டிருக்கும். பொருள் பார்க்க எனக்குப் பிடித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. இணையத்தில் இலவசமாகவே தேடலாம். பேனாவும் கோடு போட்ட நோட்டும் போதும். கையால் எழுதும்போதே நாலு பேர் தானாகக் கழன்றுவிடும்.

நட்சத்திரப் பாதத்துக்கு எழுத்து பார்ப்பவர்கள் இங்கேயே பார்த்துவிடுங்கள். பேர் முடிவான பிறகு ஜோசியரிடம் போனால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

படி 2: அப்பா பேரைச் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்

மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் கணக்கில் வராது. சமையலறையிலிருந்து வாசலில் நிற்கும் குழந்தையைக் கூப்பிடுகிற குரலில் சொல்லுங்கள். எங்கள் பட்டியலில் முதலில் விழுந்தது அஞ்சு. என் தங்கைக்கு ரொம்பப் பிடித்த பேர். “அஞ்சு மணி” என்று நான் கத்தியதும் மாமனார் உள்ளேயிருந்து, “அதுக்குள்ளவா? காபி போடலாமே” என்றார்.

அடுத்து ரோகிணி. ரோகிணி மணி என்று வேகமாகச் சொன்னால் துணிமணி மாதிரி கேட்கிறது. யாழினி, ஹரிணி, நந்தினி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். அப்பா பேர் எந்த ஒலியில் முடிகிறதோ அதே ஒலியில் குழந்தை பேரும் முடிந்தால் விளம்பரப் பாட்டு மாதிரி ஆகிவிடும். சுதா மணி? சூடாமணி. சிகா மணி? சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று, ஐகாரத்தில் முடியும் பேர்களைப் பேச்சில் யாரும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். மேகலை ‘மேகல’ ஆகும், கோதை ‘கோத’ ஆகும். அது பரவாயில்லையா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 3: அசை பிரித்துப் பாருங்கள்

பத்தாம் வகுப்பில் அலகிட்டு வாய்பாடு எழுதியது இதற்காவது உதவட்டும். ‘மணி’ இரண்டு குறில், ஒரே நிரையசை. அதன் முன்னால் உமா, லதா, ரதி மாதிரி இன்னொரு ஒற்றை நிரையை வைத்தால் உமாமணி, லதாமணி என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. எங்கே பேர் முடிந்து எங்கே அப்பா தொடங்குகிறார் என்றே தெரிவதில்லை. இரண்டு அல்லது மூன்று அசை உள்ள பேர் நின்று ஒலிக்கும். கயல்விழி மணி, பூங்குழலி மணி, சொல்லிப் பாருங்கள். குட்டி அப்பா பேருக்கு நீளமான பொண்ணு பேர் என்பது என் கட்சி. குட்டிக்குக் குட்டிதான் அழகு என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கு இந்தப் பதிவில் இடமில்லை.

படி 4: இனிஷியல்

2021 டிசம்பரில் வந்த தமிழக அரசாணைப்படி, பேரைத் தமிழில் எழுதும்போது இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும். அதனால் ‘எம்’ போட்டு மட்டும் பார்த்தால் போதாது, ‘ம.’ போட்டும் பாருங்கள். ரம்யா என்ற பேரில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ‘ம. ரம்யா’ என்று எழுதி, அந்தப் புள்ளியை மறந்துவிட்டு வாசியுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் புள்ளியைக் கட்டாயம் மறப்பார்கள்.

படி 5: திருப்பிப் போடுங்கள் (நான் வழுக்கி விழுந்த இடம்)

முதல் நாலு படியையும் தாண்டி எங்களுக்குக் கிடைத்த பேர் மேகலா. மேகலா மணி, ம. மேகலா, இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. தொட்டில் போட்டு, மாமியார் குழந்தை காதில் மூன்று முறை சொல்லியும் ஆயிற்று.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனோம். அங்கே கணினியில் குடும்பப் பெயர் கட்டம் முதலில், குழந்தை பெயர் கட்டம் பின்னால். ஃபைல் மேல் ஒட்டிய சீட்டில் ‘மணி மேகலா’ என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா வெளியே வந்து, “மணிமேகலை பாப்பா யாரு?” என்று கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவே இல்லை. யாரோ வேறு குழந்தை என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் ஊசி போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

“மணிமேகலை நல்ல பேருதானேம்மா, அதையே வெச்சுடு” என்றார் மாமியார். நல்ல பேர்தான். ஆனால் சிக்கலைப் பாருங்கள். சான்றிதழில் மேகலா இருக்கும். பார்க்கிறவர்கள் மணிமேகலை என்று எடுத்துக்கொண்டு அதற்கும் ஒரு ‘எம்’ இனிஷியல் போடுவார்கள். அப்பா பேர் குழந்தை பேருக்குள் கரைந்துபோய், இரண்டு ஆவணத்தில் இரண்டு பேர் நிற்கும். விமான டிக்கெட்டிலும் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும்.

மணி, பூ, தேன், முத்து, பொன் மாதிரி, முன்னால் நின்று இன்னொரு சொல்லோடு கூடிக்கொள்ளும் அப்பா பேர் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. மாலா, மொழி, மலர், மேகலா நாலுமே மணிக்குப் பின்னால் போனால் புதுப் பேராகிவிடும். அப்பா முத்து என்றால் லட்சுமியை யோசித்து வையுங்கள்.

அன்று ராத்திரியே நோட்டை மறுபடி எடுத்தோம். ஒவ்வொரு பேரையும் முன்னும் பின்னுமாக எழுதிப் பார்த்ததில் தேறியது ஆதிரை. ஆதிரை மணி, ம. ஆதிரை, மணி ஆதிரை, எப்படிப் போட்டாலும் இரண்டு பேராகவே நிற்கிறது. ஆதிரையை அலகிட்டால் கூவிளம், இரண்டு அசை. மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரைதான் என்று சொன்னதும் மாமியாரும் சமாதானமாகிவிட்டார். பேச்சில் ‘ஆதிர’ ஆவதையும் பொறுத்துக்கொண்டோம்.

படி 6: ஆங்கில எழுத்து

ஒரே எழுத்துக்கூட்டல்தான், அதையே எல்லா இடத்திலும் பிடித்துக்கொள்ளுங்கள். நியூமராலஜிக்காக நடுவில் ஒரு ‘ஏ’, கடைசியில் ஒரு ‘எச்’ சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாவம், ஆயுசுக்கும் அந்தக் குழந்தைதான் விளக்கம் சொல்ல வேண்டும். வெண்ணிலா என்று வைக்க ஆசைப்படுபவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, ஐஸ்க்ரீம் கடைப் பலகையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: பதிவு

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஆனால் அப்போதே பேரும் சொல்ல வேண்டும் என்பதில்லை. பேர் இல்லாமலே பதிந்துவிட்டு ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்கு மேல் 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. நாங்கள் தப்பித்தது இதனால்தான். மேகலா என்று வீட்டில் கூப்பிட்டோமே தவிர, சான்றிதழில் ஏற்றியிருக்கவில்லை. ஏற்றிவிட்டால் மாற்றுவது லேசில்லை.

பேர் கட்டத்தில் ‘ஆதிரை எம்’ என்று இனிஷியலோடு எழுதாதீர்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுதச் சொல்வார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் மட்டுமே. அதனால் அதில் பேர் எப்படி இருக்கிறது என்பது முக்கியம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடலாம், விட்டவர்கள் நிறையப் பேர். ஆனால் அமெரிக்க விசாவில் குழந்தையின் பேர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பேர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்று வந்து உட்காரும். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். 2022 நவம்பரில் அமீரகமும் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பேர் மட்டும் உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிக்க மாட்டோம் என்றது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பேர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். நாங்கள் குடும்பப் பெயர் கட்டத்தில் மணி என்று போட்டுவிட்டோம்.

பின்சேர்க்கை 1: மலேசியாவிலிருந்து ஒரு வாசகி, “எங்களுக்கு நடுவில் ஏ/பி வந்துவிடுமே” என்று எழுதியிருந்தார். உண்மைதான். ‘இன்னாருடைய மகள்’ என்ற அந்த வேலி நடுவில் நிற்பதால் அங்கே அஞ்சுகூடத் தப்பிக்கலாம். படி 5 உங்களுக்குத் தேவையில்லை.

பின்சேர்க்கை 2: அப்பா பேர் அன்பு, அருள், இளங்கோ என்று உயிரெழுத்தில் தொடங்கினால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நிலா அன்பு, கவிதா அருள் மாதிரி உயிரும் உயிரும் முட்டினால் நடுவில் வாய் தானாக ஒரு ‘வ’ போட்டு நிலாவன்பு என்று சொல்லும். அது உறுத்தினால் மெய்யில் முடியும் பேராகப் பாருங்கள். கவின்மலர் அன்பு, எழில் அருள் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் அதுவும் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும், கவின்மலரன்பு என்று. எது தேவலை என்பது உங்கள் காது விஷயம்.

பின்சேர்க்கை 3: படி 6-ல் நானே ஒன்றை விட்டுவிட்டேன். ஆதிரையில் வரும் ‘தி’க்கு ஆங்கிலத்தில் டீக்கடை டியா, டெல்லி டியா? போனில் எப்படிச் சொன்னாலும் எதிர்முனைக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. போன மாதம் கேஸ் புக்கிங் மாதிரி ஒரு சின்ன வேலைக்கு ‘டைகர், டைகர்’ என்று நாலு தடவை கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் நாய் வாங்கியிருக்கிறோமா என்று கேட்டார்.